கம்பளிக்குள் வெந்த பருப்பு

மலைமேல் மன்னவனூரில் ஐப்பசி மாதம் கேரட் கழுவுகிற தொட்டித் தண்ணீரின் குளிர் எலும்புவரை இறங்கும். அதில் நின்றுவிட்டு, விரல் மடங்காமல் ஒருநாள் சாப்பாட்டுக் கடைக்குள் வந்தாள் ரோகிணி. டீ கேட்டாள். கடைக்காரி சுதாராணி ஒரு டம்ளர் நிறைய வெந்நீர் ஊற்றி அவள் முன்னால் வைத்தாள்.

"டீதானக்கா கேட்டேன்."

"டீ வருது. அதுவரைக்கும் இதைப் பிடிச்சுக்கிட்டு இரு புள்ள."

அதற்குப் பிறகு தொட்டியிலிருந்து எந்தப் பெண் வந்தாலும் முதலில் அந்த டம்ளர்தான் வரும். அதற்குக் காசு கிடையாது.

சுதாராணி சின்னப் பிள்ளையில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பெற்றோருடன் வந்தவள். பால் ஊற்றாத டீயை இன்னும் 'பிளேன்டீ' என்றுதான் சொல்வாள். புருஷன் போனபின் தனியாளாய்க் கடையை நடத்தினாள். அடுத்த தையில் ரோகிணியையே வேலைக்குச் சேர்த்துக்கொண்டாள். முருகனே கைப்பிடித்து அடுப்படியில் கொண்டுவந்து விட்டதுபோல் இருந்தது ரோகிணிக்கு.

ஆனால் வருகிற வரும்படியை எல்லாம் கேஸ் தின்றது. இந்த உயரத்தில் பருப்பு லேசில் வேகாது. சிலிண்டரையும் கொடைக்கானலிலிருந்து வண்டிக்கூலி கொடுத்து வரவழைக்கவேண்டும். சாப்பாட்டு விலையை ஏற்றினால், கூலியாட்கள் பன்னைக் கடித்துக்கொண்டு போய்விடுவார்கள். மிச்சம் பிடிக்க இருந்தது ரோகிணியின் சம்பளம் ஒன்றுதான். சுதாராணி அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே ரோகிணிக்குத் தெரியும். தொட்டியை நினைத்தாலே அவள் விரல் விறைத்தது.

ஒருநாள் மழையில் பாதையில் மரம் விழுந்து, லாரி ஆட்கள் நேரங்கழித்து வந்தார்கள். சோறு ஆறிவிடக்கூடாதென்று, வடிக்காமலே பானையைத் தன் கம்பளியில் சுற்றி வைத்திருந்தாள் சுதாராணி. திறந்து பார்த்தால் கூழாய்க் குழைந்து கிடந்தது.

லோடு ஏற்றும் மூக்கையா தட்டைப் பார்த்தார். "ஏம்மா, கரண்டில போடுறியா, டம்ளர்ல ஊத்துறியா?"

"பல்லு போன ஆளுக்கு இதுதான் தோது, சாப்பிடுங்கண்ணே."

எல்லோரும் சிரித்தார்கள். சுதாராணி மட்டும் பானையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அடுப்ப அணைக்கையில பதமாத்தானே இருந்துச்சு? பெறகு யாரு புள்ள வேக வச்சது?"

ரோகிணி கம்பளியைப் பார்த்தாள்.

மறுநாள் ஆட்டுக்காரரிடம் போய், முள்ளும் புழுக்கையும் ஒட்டி விலைபோகாத செம்மறி ரோமம் ஒரு மூட்டை வாங்கி வந்தார்கள். அலசிக் காயவைத்து, சாக்குக்குள் திணித்து மெத்தையாய்த் தைத்து, மரப்பெட்டிக்குள் பரப்பினார்கள். பெட்டிக்கு விபூதி பூசினாள் சுதாராணி. பருப்பு நன்றாகக் கொதித்ததும் அடுப்பை அணைத்து, பானையை உள்ளே இறக்கி மூடினார்கள்.

அன்றைக்குப் பருப்பு வேகவில்லை. மூக்கையா ஒன்றை விரலால் உருட்டி, "கோலி வெளையாடலாம்" என்றார்.

ரோகிணி அடுப்படியில் நின்று அழுதாள். "நாந்தேங்க்கா மூடியத் தெறந்து தெறந்து பாத்தேன். சூடு போயிருச்சு. இது வேகலேன்னா எனக்கு இங்க சோலி இல்லன்னு பயந்துட்டேன்."

"ஒன்ன அனுப்பிட்டு யாரோட பேசிக்கிட்டு வெங்காயம் உரிக்கிறது? நாளைக்கு நீ பெட்டிமேலயே ஏறி உக்காந்துக்க."

மறுநாள் நிஜமாகவே பெட்டிமேல் உட்கார்ந்துதான் வெங்காயம் உரித்தாள் ரோகிணி. மதியம் திறந்தபோது பருப்பு பூவாய் மலர்ந்திருந்தது. மூக்கையா இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

பிறகு சோறும் கொண்டைக்கடலையும்கூடப் பெட்டிக்குள் போயின. சிலிண்டர் முன்னைவிட வெகுநாள் வந்தது. சாப்பாட்டு விலை ஏறவில்லை. ரோகிணியும் தொட்டிக்குத் திரும்பவில்லை.

போன மார்கழியில் குளிர் சுதாராணியின் நெஞ்சைப் பிடித்தது. வத்தலக்குண்டில் கட்டிக்கொடுத்த மகள் வந்து கூட்டிப் போனாள். கடைச் சாவி ரோகிணி கைக்கு வந்தது.

அவர்கள் கிளம்பிய அன்று பஸ் ஜன்னலோரம் வெளியே நின்றாள் ரோகிணி. "கேஸ் இன்னும் ஏறும்கிறாங்கக்கா. தனியா எப்படிச் சமாளிக்கப் போறேனோ."

சுதாராணி கையை வெளியே நீட்டி அவள் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். சூடாகத்தான் இருந்தன.

"மூடியத் தெறந்து தெறந்து பாக்காத புள்ள" என்றாள். "அது பாட்டுக்கு வேகும்."