காலிக் கட்டங்கள்

டிப்போவில் அவளை எல்லோரும் நிமிஷக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எங்கே எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்று அட்டவணை போடுவது அவள் வேலை. பதினாலு வருஷமாக இதேதான். கடைசி நிறுத்தத்தில் பஸ் சும்மா ஏழு நிமிடம் நிற்கிறதே, அதை எடுத்துவிட்டால் நாளைக்கு இன்னொரு நடை ஓட்டலாமே என்று மேலிடத்திலிருந்து மாதம் ஒரு கடிதமாவது வரும். அவள் அதை நிதானமாகப் படிப்பாள். அடியில் 'பார்த்தேன். மாற்றமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவாள். மேலதிகாரிகள் வந்தார்கள், போனார்கள். ஏழு நிமிடம் அப்படியே இருந்தது.

அப்பேர்ப்பட்டவளிடம் போய் மகளின் வகுப்பாசிரியை, "உங்க பொண்ணு எல்லாத்துலயும் லேட்டுங்க" என்று சொல்லி வைத்தார்.

மகளுக்குப் பதினொரு வயது. வீட்டில் பொடிசு, பள்ளிக்கூடத்தில் நத்தை. அந்தப் பெயரை வைத்தது பிள்ளைகள் இல்லை, இந்த ஆசிரியையேதான். பின்னக் கணக்கு நடந்தபோது, கீழே இருக்கிற எண் பெரிதானால் பங்கு ஏன் சின்னதாகிறது என்று பொடிசு கேட்டிருக்கிறாள். பதில் வருவதற்குள் வகுப்பு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டது. இவள் மட்டும் பின்னத்திலேயே நின்றுவிட்டாள். அதற்கப்புறம் ஒரு வருஷமாக வகுப்பில் வாயே திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், வயிறு வலிக்க ஆரம்பித்துவிடும்.

"ஒரு வண்டி தினமும் லேட்டா வந்தா நாங்க வண்டியைத் திட்ட மாட்டோம் டீச்சர், அட்டவணையைத்தான் எடுத்துப் பார்ப்போம்" என்றாள் நிமிஷக்கா. "உங்க அட்டவணை சரியில்ல."

அன்றைக்கே மகளின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டிலேயே படிக்க வைக்கச் சட்டத்தில் இடமிருந்தது. ஆனால் ஒரு வருஷத்துக்கான பாடத்திட்டத்தை எழுதி, முப்பது நாளைக்குள் கல்வி அலுவலகத்தில் காட்டி அனுமதி வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் அதே பள்ளி, அதே வகுப்பு, அதே நத்தை. சேதி கேட்ட நாத்தனார் போனிலேயே சிரித்தாள். "பஸ்ஸுக்கு டைம் போடுறவ பாடம் நடத்தப் போறாளாம்!"

நிமிஷக்கா அதிகாலை ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பதினொன்றரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடலாம். கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, மதியம் போனால் போதும். சாப்பாட்டு மேசை மேல் பெரிய கட்டத்தாளை விரித்து, முப்பத்தாறு வாரத்துக்கும் கோடு இழுத்தாள். கணக்குக்கு நீலம், அறிவியலுக்குப் பச்சை, மொழிக்குச் சிவப்பு, வரலாற்றுக்குப் பழுப்பு. நாத்தனாருக்கும் டீச்சருக்கும் சேர்த்துப் பதில் சொல்கிற வேகத்தில், பள்ளியில் இல்லாத இரண்டு பாடத்தையும் உள்ளே திணித்தாள். இண்டு இடுக்கு பாக்கியில்லை. தள்ளி நின்று பார்த்தால் கண்ணைப் பறித்தது.

அலுவலகத்துக்குப் போகும் முன் ஓட்டிப் பார்க்கலாம் என்று பாடத்தை ஆரம்பித்தாள். முதல் வாரம் எப்படியோ போயிற்று. இரண்டாம் வாரம் புதன்கிழமை பொடிசு பழையபடி பின்னத்தில் நின்றாள்.

"இன்னும் கொஞ்ச நேரம்மா. புரியற மாதிரி இருக்கு."

"மணி ரெண்டாச்சு, அறிவியலை எடு. ஏன்டி உனக்கு எப்பப் பார்த்தாலும் லேட்டு?"

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. பொடிசு ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அறிவியல் புத்தகத்தை இழுத்தாள். நிமிஷக்காவுக்குச் சுருக்கென்றது. டீச்சரை வீட்டுக்கே கூட்டி வந்து உட்கார வைத்திருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது.

புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, கட்டத்தாளை டிப்போக்காரியின் கண்ணால் பார்த்தாள். கடைசி நிறுத்தத்தில் நிற்கிற நேரம் எங்கே? வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமானவன்கூட இப்படி அட்டவணை போட மாட்டான். காலையில் மூன்று நிமிடம் பிந்திய வண்டி கடைசி நிறுத்தத்தில் நின்று சரிக்கட்டாமல் ஓடினால், நடைக்கு நடை பிந்தி, சாயங்காலத்துக்குள் ஒரு மணி நேரம் பிந்திவிடும். நின்று கிளம்புகிற வண்டிதான் நேரத்துக்கு வந்து சேரும். பதினாலு வருஷம் மேலிடத்தோடு மல்லுக்கட்டிக் காப்பாற்றிய ஏழு நிமிடத்தைத் தன் மகளுக்குக் கொடுக்க மறந்துபோயிருக்கிறாள்!

தாளைக் கிழித்துப் போட்டாள். புதிய தாளில் தினமும் கடைசி அரை மணி காலி. வெள்ளிக்கிழமை முழுக்கக் காலி. திணித்த இரண்டு பாடமும் போன இடம் தெரியவில்லை.

ராத்திரி கடையிலிருந்து வந்த கணவர் எட்டிப் பார்த்துக் கவலைப்பட்டார். "ஆபீஸ்ல சிரிப்பாங்க. அந்த இடத்துல 'மறுபார்வை'ன்னு ஏதாவது எழுதித் தொலையேன். யாரு வந்து பார்க்கப் போறா?"

"எழுதினா செய்யணும். இது வண்டி நிக்கிற நேரங்க. காலின்னா காலிதான்."

இருபத்தொன்பதாம் நாள், வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள், பொடிசையும் கூட்டிக்கொண்டு போனாள். கல்வி அதிகாரி ஒரு பெண்மணி. கட்டங்களின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"வெள்ளிக்கிழமை ஒண்ணுமே இல்லையே?"

"வேணும்னேதான் விட்டிருக்கேன் மேடம்." டிப்போ கணக்கை எடுத்துச் சொன்னாள்.

"இது பஸ் இல்லம்மா. குழந்தை."

"அதனாலதான் மேடம் பஸ்ஸுக்கு விடுறதைவிட அதிகமா விட்டிருக்கேன்."

அதிகாரி சிவப்பு மையில், 'காலிக் கட்டங்களை நிரப்பவும்' என்று எழுதித் தாளை அவள் பக்கம் தள்ளினார். பேனாவையும் நீட்டினார். "இங்கேயே நிரப்பிக் கொடுங்க, இப்பவே அனுமதி தர்றேன். இல்லன்னா நாளையோட கெடு முடியுது. திங்கக்கிழமை பிள்ளை ஸ்கூலுக்குப் போகணும்."

பொடிசின் கை வயிற்றுக்குப் போயிற்று. நிமிஷக்கா அதைப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை எழுதினால் எல்லாம் முடிந்துவிடும். பேனாவை வாங்கினாள். பயம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கைக்கு இந்த மாதிரி கடிதங்களுக்கு எழுத ஒன்றுதான் தெரியும்.

'பார்த்தேன். மாற்றமில்லை.' கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. அவளை விட்டுவிட்டுப் பொடிசிடம் திரும்பினார். "நீ சொல்லும்மா. போன வெள்ளிக்கிழமை என்ன பண்ணினே?"

நிமிஷக்கா பிள்ளைக்கு எதையும் சொல்லிக் கொடுத்துக் கூட்டி வரவில்லை.

"தூங்கினேன்" என்றாள் பொடிசு.

"ம்?"

"அப்புறம் எழுந்து ஒரு பேப்பரைக் கிழிச்சேன். நாலா, எட்டா, பதினாறா. கிழிக்கக் கிழிக்க எண்ணிக்கை பெருசாகுது, துண்டு சின்னதாகுது. கீழ இருக்கிற எண் பெருசானா பங்கு ஏன் சின்னதாகுதுன்னு புரிஞ்சுபோச்சு. அம்மா சொல்லித் தரல. நானே கண்டுபிடிச்சேன்."

ஒரு வருஷமாக வெளியாள் யாரிடமும் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத பெண். அதிகாரி தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு முத்திரையை எடுத்து ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.

"மூணு மாசம் கழிச்சு நானே வீட்டுக்கு வந்து சோதிப்பேன். பிள்ளை பின்தங்கியிருந்தா அனுமதி ரத்து. ஞாபகம் வச்சுக்குங்க."

நிமிஷக்கா தாளைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு மகளின் கையைப் பிடித்தாள்.

"தாராளமா வாங்க மேடம். வெள்ளிக்கிழமையாப் பார்த்து வாங்க. மத்த நாள் எங்களுக்கு வேலை இருக்கு."