எல்லோரும் 'புரிஞ்சுதுங்க' என்றார்கள்

சில வருடங்களுக்கு முன்பு வெள்ளகோவிலில் ஒரு தையல் பயிற்சி மையத்தில் டீச்சராகச் சேர்ந்தேன். பனியன் கம்பெனிகளுக்கு ஆள் தயார் செய்யும் இடம். என் வகுப்பில் பதினெட்டுப் பெண்கள். கல்லூரி முடித்தவர், ஐந்தாம் வகுப்போடு நின்றவர், ஒடிசாவிலிருந்து வந்தவர் என்று பல தினுசு. பாடம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். போர்டில், துணியின் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினை வரைந்து, நான்கு நூலும் போகும் வழியை நான்கு கலரில் காட்டுவேன். அந்தப் படத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

முடித்ததும், "புரிஞ்சுதுங்களா?" என்பேன். "புரிஞ்சுதுங்க" என்று வகுப்பே சொல்லும். எங்கள் பக்கம் யாரும் முகத்துக்கு நேராக 'இல்லை' என்று சொல்ல மாட்டார்கள். நானும் அதே ஊர்க்காரிதான். இருந்தும் நம்பினேன்.

முதல் தேர்வில் பாதிப் பேருக்கு நூல் கோக்கவே வரவில்லை. கவனிப்பதே இல்லை என்று திட்டிவிட்டு, அதே படத்தை இன்னும் பெரிதாக வரைந்தேன். மறுபடியும் "புரிஞ்சுதுங்க."

அவர்களில் நாற்பது வயது அக்கா ஒருவர். விசைத்தறியில் கணவருக்குக் கை அடிபட்டுவிட, இந்த வேலையை நம்பி வந்திருந்தார். இரண்டாவது தேர்விலும் தவறினால் மையத்தில் வைத்திருக்க மாட்டார்கள். அவர் தவறினார்.

மத்தியானம் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தார்.

"புரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே அக்கா?" என்றேன்.

"நீங்க தொண்டத்தண்ணி வத்தச் சொல்லறீங்க. புரியலைன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்குமுங்க டீச்சர். எனக்குத்தான் மண்டைல ஏறுல. வாரேனுங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவருக்கு இன்னொரு வாய்ப்புக் கேட்டு மேலாளரிடம் போனேன். கிடைக்கவில்லை.

மறுநாள் போர்டுப் பக்கமே போகவில்லை. மெஷினில் இருந்த நூலை உருவிவிட்டு, "இன்னைக்கு எனக்கு நீங்க சொல்லிக் குடுங்க" என்று உட்கார்ந்தேன். வேண்டுமென்றே தப்பாகக் கோத்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு, "அப்புடியில்லீங்க டீச்சர், இந்தப் பக்கமுங்க" என்று ஒரு குரல். ஒடிசாப் பெண் பேசாமல் என் விரலைப் பிடித்து வழி காட்டினாள். இன்னொருவர் பக்கத்து மெஷினில் கோத்திருந்த நூலோடு புது நூலை முடிச்சுப் போட்டு இழுத்துக் காட்டினார். சாப்பாட்டு மணி அடித்தும் யாரும் எழவில்லை.

அந்த அக்கா இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. யாராவது "புரிஞ்சுதுங்க" என்றால் இன்றும் நான் முதலில் நூலை உருவிவிடுகிறேன். அன்று தவறியது நான், வீட்டுக்குப் போனது அவர்.