டோக்கன் கூப்பிடும் குரல்

கிளினிக்கில் எங்கள் ஆப் ஓடத் தொடங்கிய முதல் நாள், ஸ்பீக்கர் "முப்பத்தேழு" என்று அழைத்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி அழைத்தது. அந்த டோக்கனைக் கையில் வைத்திருந்த பெண் பக்கத்தில் இருந்தவரிடம், "இது என்ன நம்பர்க்கா?" என்று தமிழிலேயே கேட்டாள்.

ரிசப்ஷனில் இருந்த செல்வி அக்கா தலையை நீட்டி, "சைந்தீஸ் யாரு?" என்றார். முப்பத்தேழை இந்தியில் கேட்டதும் அந்தப் பெண் உடனே எழுந்து போனாள்.

ஆப்

நான் நவி மும்பை ஐரோலியில் ஒரு கம்பெனியில் கோட் எழுதுகிறேன். இது என் சொந்த வேலை. தாராவியில் எங்கள் தெரு கிளினிக்குக்காக ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய சின்ன ஆப். எண்ணைத் தட்டினால் அது சொற்களாக மாறும். ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய குரல் ஃபைல் வரிசையாக ஒலிக்கும்.

கோட் என்னுடையது. குரல் சமீமாவுடையது. கல்லூரியில் என்னோடு படித்தவள். அவள் வாப்பாவுக்குத் தோல் பை பட்டறை. அங்கே ஸ்டோர் ரூமில், தோல் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து பதிவு செய்தோம். தோல் இருந்தால் எதிரொலி வராது. தமிழ் எண்களுக்கு ஒன்று முதல் பத்தொன்பது வரையும், பிறகு இருபது, இருபத்தி, முப்பது, முப்பத்தி என்று சில துண்டுகளும் போதும். மிச்சத்தை கோட் சேர்த்துக்கொள்ளும். ஒரே காலையில் முடிந்துவிட்டது. அந்த மாதமே அவளுக்கு நிக்காஹ் ஆகி, தோஹா போய்விட்டாள்.

செல்வி அக்கா சொன்னது

"இங்க வாரவுக தமிழ்லதான் சண்டை போடுவாவ. நம்பரு மட்டும் இந்தியிலதான். உனக்குத் தெரியாதாக்கும்? எங்க, உன் போன் நம்பரைச் சொல்லு பாப்போம்."

"நௌ, ஆட், தீன்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

அக்கா சிரித்தார். "டாக்டர் இந்தி போடச் சொல்லிட்டாரு. மெஷின் குரல்லயே வருதாமே, அதைப் போட்டுட்டுப் போயேன்."

போடலாம். ஐந்து நிமிட வேலை. ஆனால் வேலை முடிந்து வரும்போது கிளினிக் வாசலில் ஒரு நிமிடம் நின்றால் சமீமாவின் குரல் கேட்கும். அது இல்லாமல் போய்விடும்.

அரே

இந்தி எண்களைத் துண்டுகளாக ஒட்ட முடியாது. நூறு வரை ஒவ்வொன்றும் தனிச் சொல். கோடில் நூறு சொற்களை ஒரு அரேயில், அதாவது ஒரு பட்டியலில், வரிசையாக எழுதி வைப்பதுதான் வழி. நான் எழுதியதிலேயே அழகில்லாத பகுதி அது.

போனில் சமீமாவிடம் சொன்னேன். "ஏட்டி, நூறும் தனித்தனியாவா? இங்க மாமி இருக்காவ. நான் தனியா உக்காந்து எண்ணிக்கிட்டிருந்தா என்ன நெனைப்பாவ? உன்ஹத்தர், உன்யாசி ரெண்டும் எனக்கு எப்பவும் குழம்பும் வேற."

"கொஞ்சம் கொஞ்சமா அனுப்பு."

கோடில் ஒரு நிபந்தனை எழுதினேன்: அவள் ஃபைல் இருந்தால் அது ஒலிக்கட்டும், இல்லாவிட்டால் மெஷின். கிளினிக்குக்கு அவசரம். எனக்கு இல்லை.

அவள் பதிவுகள் ஒன்றிரண்டாக வருகின்றன. பின்னால் லிஃப்ட் சத்தம், சமையலறைக் குழாய். "சாப்பிட்டியாட்டி? மழை பெய்யுதா? சரி, கேட்டுக்கோ: சௌவன்." எண்ணை மட்டும் வெட்டி ஆப்பில் போடுவேன். மற்றதை என்னிடம் வைத்துக்கொள்வேன்.

"ஒரு நம்பரு மெஷினு, ஒரு நம்பரு அந்தப் புள்ள. கேக்க நல்லாவா இருக்கு? மொத்தமா வாங்கிப் போட வேண்டியதுதானே?" என்றார் செல்வி அக்கா.

"அவ பிஸிக்கா."

கற்றது

புதிதாக கோட் எழுத வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். குறைந்த துண்டுகளில் வேலையை முடிப்பதுதான் திறமை என்று நமக்குச் சொல்லித் தருகிறார்கள். பெரும்பாலும் அது சரி. தமிழ் எண்களை நான் அப்படித்தான் ஒரே காலையில் முடித்தேன். இன்னும் இரண்டு நாள் இழுத்திருக்கலாம்.

நேற்று சியாலீஸ் வந்தது. நாற்பத்தாறு. கடைசியில், "இன்னும் எத்தனை மிச்சம்ட்டி?" என்று கேட்டிருந்தாள்.

பட்டியலைப் பார்த்தேன். அதிகம் இல்லை.

"நிறைய இருக்கு" என்று பதில் போட்டேன்.