கடலுக்குச் சொன்ன சலாம்

கடலாமை பார்க்கத்தான் அந்தக் குடாவுக்குப் போனேன். கல்முனையில் பிறந்தும் நாற்பது வயதுவரை கடலுக்குள் தலையை விட்டுப் பார்த்ததில்லை என்பது எனக்கே வெட்கமாக இருந்தது. படகுக்காரர் இஸ்மாயில் காக்கா கரையிலிருந்து சற்றுத் தள்ளி எஞ்சினை நிறுத்தினார். நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குதித்தேன்.

ஆமை ஒன்றையும் காணவில்லை. கலங்கிய நீருக்கடியில், யாரோ நட்டுவைத்தாற்போல், இரண்டிரண்டாகக் கற்கள் நின்றன. மூச்சுவாங்க மேலே வந்து படகைப் பிடித்துக்கொண்டேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

படகின் மறுபக்கமிருந்து காக்காவின் குரல் கேட்டது. யோசிக்கவே இல்லை. "வஅலைக்குமுஸ்ஸலாம்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே ஏறினேன்.

அவர் முகம் வெளுத்திருந்தது. "தம்பி, நான் உங்களுக்குச் சொல்லல்ல. எங்கட ஊர் மையவாடி இதுக்குக் கீழதான் கிடக்கு. கடல் அரிச்செடுத்திட்டு. என்ட உம்மாவையும் இதிலதான் அடக்கினது. இதால போகக்குள்ள அவங்களுக்குச் சலாம் சொல்லாமப் போறல்ல."

நான் கண்டவை, அடக்கியவர்களின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நட்ட கற்கள். மௌத்தானவர்களுக்குரிய சலாத்தை நான் வாங்கிக்கொண்டுவிட்டேன்.

"மன்னிச்சுக்கொள்ளுங்க காக்கா. எனக்கெண்டு நினைச்சுப் பதில் சொல்லிட்டன்."

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் தம்பி, உங்கட குரலும் கேட்டிச்சு."

இப்போதெல்லாம் யார் சலாம் சொன்னாலும் உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஒரு கணம் காத்திருக்கிறேன், வேறு யாரும் முந்திக்கொள்கிறார்களா என்று.