வடையை முகர்ந்தவர்

எல்ல என்ற ஊரைத் தாண்டியதும் எங்கள் பதுளை பஸ் மண்சரிவில் மாட்டிக்கொண்டது. முன்னால் மண்மேடு, பின்னால் வாகன வரிசை, வெளியே மழை.

பக்கத்தில் இருந்தவர் ஒல்லி, நரைத்த தலை. நான் நீட்டிய பிஸ்கட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். கூச்சத்தோடு சிரித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"ஆராய்ச்சிங்க. எண்ணெய் காறிப்போற மாதிரி உடம்புக் கொழுப்பும் ஆக்சிஜன் பட்டுக் கெடும். கெட்டது சும்மா கிடக்காது, செல்லுக்கெல்லாம் தப்பான சேதி அனுப்பும்."

"நிறுத்த முடியாதா?"

"எங்கப்பா தேயிலை பெக்டரியில பதம் பார்த்தவர். இலையும் ஆக்சிஜன் பட்டுத்தான் நிறம் மாறும். அதை மோந்து பார்ப்பார், பதம் வந்ததும் அடுப்புக்கு அனுப்புவார், சூட்டுல அந்த மாத்தம் அதோட நின்னுரும். உடம்பை அடுப்புல போட முடியாதுல்ல. முப்பது வருஷமா அங்கேயே நிக்கிறேன்."

மத்தியானம் தாண்டியதும், மேலே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அம்மா ஒருத்தர் பசியோடு கிடந்த எங்களுக்கெல்லாம் வடை சுட்டுக் கொண்டுவந்தார். இவர் வழக்கம்போல் முகர்ந்தார். அந்த அம்மா ஜன்னலுக்கு வெளியே நனைந்தபடி அவர் முகத்தையே பார்த்தார்.

"என்னங்க, நல்லா இல்லையா?"

"மணமா இருக்குங்க" என்றவர், முழுவதையும் தின்று இன்னொன்றும் கேட்டு வாங்கினார்.

பிறகுதான் நான் என் வடையைக் கடித்தேன். காறல் எனக்கே தெரிந்தது.