ஒன்று இருபதுக்கு அடித்த வரி

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் அடுப்படியில் கருவாடு கழுவிக்கொண்டிருந்தாள். அவளுடைய லேப்டாப் கூடத்தில் ஸ்டூல்மேல் திறந்து கிடந்தது. காலேஜ் வேலைக்கு வேண்டுமென்று எதையோ அதில் ஏற்றிக்கொண்டிருந்தாளாம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடி, கடைசியில் ஒரு கேள்வியோடு நின்றிருந்தன.

"நைனா, கையெல்லாம் நாறுது. அதுல ஒய் அழுத்தி என்டர் தட்டேன்" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

போய் உட்கார்ந்தேன். விரலை ஒய் மேல் வைத்தேன். ஆனால் அழுத்தவில்லை. மேலே போய் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். எதெது புதிதாக வருகிறது, எதெது வெளியே போகிறது என்று அதில் இருக்கும். என்னுடையது பத்தாம் வகுப்பு இங்கிலீஷ். ஒவ்வொரு பெயராக எழுத்துக் கூட்டித்தான் போக வேண்டும்.

"இன்னா நைனா, ஒரு பட்டன் அழுத்த இவ்ளோ நேரமா?"

"இரும்மா, படிச்சிக்கினு இருக்கிறேன்."

"அதப் போயி யாராவது படிப்பாங்களா?"

யாரும் படிக்க மாட்டார்கள்தான். நானும் படிக்காமல் அழுத்தியவன்தான். அந்தக் கதையை நேரில் யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வராது. எதிரே ஆள் இருந்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நீங்கள் எதிரே இல்லை, அதனால் சொல்கிறேன்.

லேப்டாப்பின் பக்கத்திலிருந்து சூடான காற்று கையில் பட்டது. அதில் சூடேறிய தூசி வாசனை. அந்த வாசனைக்குள் ஒரு கடையே இருக்கிறது எனக்கு. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் என் சித்தப்பா, அதாவது அம்மாவின் தங்கை வீட்டுக்காரர், ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். நான்கு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு பிரின்டர். கடலை சீசனில் மார்க்கெட் கமிட்டிக்குப் போகும் மூட்டை வண்டிகள் கிளப்பும் செம்மண் கடைக்குள் வந்து கீபோர்டு சந்துகளில் குடியேறும். மானிட்டர் சூடாகிற நேரத்தில் அந்த மண் வறுபட்டு ஒரு வாசனை எழும். கோடையில் கேட்கவே வேண்டாம். மலைப் பாறைகள் பகலெல்லாம் வாங்கிய வெயிலைச் சாயங்காலம் ஊர்மேல் திருப்பிக் கொட்டும். நாள் முழுக்க மின்விசிறி சுற்றியும் சட்டை முதுகில் ஒட்டியே இருக்கும்.

நிலத்து வேலையும் எனக்கு வரவில்லை, படிப்பும் பத்தோடு நின்றுவிட்டது. டைப்ரைட்டிங் மட்டும் லோயர் பாஸ். அதை வைத்துத்தான் சித்தப்பா என்னைக் கடையில் உட்காரவைத்தார். உறவுக்காரன் என்பதால் உட்காரவைத்தார் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

வருகிற பென்டிரைவெல்லாம் வைரஸோடு வந்த காலம் அது. தொல்லை தாங்காமல் சித்தப்பா புதுச்சேரியிலிருந்து தெரிந்தவர் ஒருவரை அழைத்துவந்து நான்கு கம்ப்யூட்டரிலும் விண்டோஸை எடுத்துவிட்டு, அந்த வைரஸ் தொற்றாத லினக்ஸ் போட்டார். அந்த மனிதர் ஒரு நாற்பது பக்க நோட்டில் நான்கைந்து கட்டளைகளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் அவற்றுக்குப் பக்கத்திலேயே தமிழில் எழுதிக்கொண்டேன்: சூடோ ஆப்ட்-கெட் இன்ஸ்டால். அதற்குப் பிறகு வேண்டிய பொருளின் பெயர். அவ்வளவுதான், அதுவே நெட்டிலிருந்து கொண்டுவந்து பொருத்திவிடும். ஒன்றைக் கூப்பிட்டால் அதற்குத் துணையாக என்னென்ன வேண்டுமோ அத்தனையும் சேர்ந்து வரும். கல்யாணத்துக்கு ஒருத்தரை அழைத்தால் வேன் வைத்துக்கொண்டு இருபது பேர் வந்து இறங்குவார்களே, அப்படி. நடுவில் ஒரே ஒரு தடவை, தொடரலாமா என்று கேட்கும். நோட்டில் எழுதியிருந்தது: "ஒய் அழுத்தவும்."

ஒரு அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துத் தேவையே இல்லாமல் அப்டேட் கொடுப்பேன். கறுப்புத் திரையில் எழுத்துகள் அருவி மாதிரி கொட்டும். நான் கைகளைக் கட்டிக்கொண்டு, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பேன். சிட்டா எடுக்க வந்த பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "இன்னாத்த தம்பி இந்த ஓட்டம் ஓட்டுற?" என்றார். "சிஸ்டம் வேலைங்க, பெரிய வேலை" என்றேன். அந்தக் கடையில் நான் ஆளாக உணர்ந்ததெல்லாம் அந்த எழுத்துகள் ஓடிய நேரத்தில்தான்.

பிறகு கலையரசி வேலைக்கு வந்தாள். பாலிடெக்னிக் முடித்தவள். வல்லம் பக்கத்துப் பெண், ஊர்த் தெருவல்ல, காலனி. இந்த ஒரு வார்த்தையில் எங்கள் பக்கம் எவ்வளவு அடங்கிவிடும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வந்த முதல் வாரமே என் நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏண்ணே, ஒய் அழுத்துறதுக்கு முன்னாடி அது இன்னா கேக்குதுன்னு பாக்க மாட்டீங்களா?"

"இன்னா கேக்கப் போவுது? போட்டுக்கவான்னு கேக்கும்."

"சில நாளு, எடுத்துடவான்னும் கேக்கும்ணே."

நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளுக்குள் சுருக்கென்றது. அதற்குப் பிறகு அவள் இருக்கும்போது நான் அருவி விடுவதில்லை.

முதல் நாள் மத்தியானம் அவள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு எங்கே உட்காரலாம் என்று சுற்றிப் பார்த்தாள். சித்தப்பா, "உள்ள புழுக்கமா இருக்குது, பின்னாடி மரத்து நெழலு நல்லா இருக்கும்மா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். நான் உள்ளே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துதான் தினமும் சாப்பிட்டேன். அவள் மறுநாளிலிருந்து யாரும் சொல்லாமலே பின்பக்கம் போனாள். அங்கே ஒரு பூவரச மரம், அடியில் ஒரு கல். என் நாற்காலிக்கு நேராக ஜன்னல். அவள் நீல டப்பாவைத் திறப்பதும், கடைசிக் கவளத்தை அங்கே திரியும் நாய்க்கு வைப்பதும் எனக்குத் தினமும் தெரியும்.

ஆடி மாதம். ஒரு கிராமத்தார் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிக்கக் கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் நான்கு மணிக்கு வருவார்கள். முதல் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துகள் சரியாக விழவில்லை. கொம்பு தனியாக நிற்கும், கால் தனியாகப் போகும். சித்தப்பா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். கலையரசி மரத்தடியில். அவள் வருவதற்குள் நானே சரிசெய்து காட்டிவிட வேண்டும் என்று ஒரு வேகம். அவளைக் கேட்டிருந்தால் இரண்டு நிமிஷ வேலை. கேட்பதற்குத்தான் மனசு வரவில்லை.

பழையதை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மோட்டார் மெக்கானிக் செய்வதுபோல, கழற்றி மாட்டுவது. ரிமூவ் என்று அடித்து, தமிழ் எழுத்துக்கு என்று நான் நினைத்த ஒன்றின் பெயரையும் அடித்தேன். நீளமாக ஒரு பட்டியல் வந்தது. ஒய் அழுத்தினேன். இன்னும் சிலவும் இனிமேல் தேவைப்படாது, நீக்கிக்கொள்ளலாம் என்றது. சுத்தமாகிவிடட்டுமே என்று அதற்கும் ஒய். அழைத்து வந்தவர் கோபித்துக்கொண்டு கிளம்பினால் வேனில் வந்த இருபது பேரும் கிளம்பிவிடுவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? பட்டியலைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஒவ்வொன்றாகப் போயிற்று. நெட்டும் போயிற்று, இனித் திரும்பக் கூப்பிடவும் வழியில்லை. அணைத்துப் போட்டேன். படங்கள், பொத்தான்கள் எதுவும் இல்லை. கறுப்புத் திரையில் ஓரமாக ஒரு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. மறுபடி அணைத்தேன். மேலே பிளாஸ்டிக் உறையைப் போட்டு மூடினேன். கதவைச் சாத்திவிட்டு டீ குடிக்கப் போனேன்.

உறையைப் போட்டதுதான் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது. ஒய் அழுத்தியது தெரியாத்தனம். உறை தெரிந்து போட்டது.

நான் திரும்பியபோது கலையரசி அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா அவள் பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"நான் போறப்ப நல்லாத்தான இருந்துது? இன்னாத்த நோண்டின?"

"நான் இப்பதான் சார் ஆன் பண்ணேன். வரும்போதே இப்படித்தான் வந்துது."

"தானா பூடுச்சா? நாலு மணிக்கு நோட்டீசுக்கு ஆளு வந்துருவான். அவன் ஊர்ல போயி நான் தலை காட்டணுமா வேணாமா?"

"ஃபைலெல்லாம் பத்திரமா இருக்குது சார். ஸ்கிரீன் காட்டுறதத்தான் யாரோ எடுத்துட்டிருக்காங்க." அவள் ஒரு வரி அடித்தாள். "இதுல எழுதியிருக்கும். எதைப் போட்டாலும் எதை எடுத்தாலும், எந்நேரத்துக்குன்னு அதுவே எழுதி வச்சிக்கும்."

அப்படி எழுதிவைக்கும் என்று எனக்குத் தெரியாது.

"ஒண்ணு இருபதுக்கு எடுத்திருக்காங்க சார்."

"யாரு?"

"பேரு இருக்காது. நாம எல்லாரும் ஒரே பேர்லதான உள்ள போறோம். ஒண்ணு இருபதுக்கு நான் சாப்புடப் போயிருந்தேன் சார்."

"நீ சாப்புட்டத யாரு பாத்தா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணன் பாத்திருப்பாரு. அவரு சீட்டுக்கு நேராத்தான ஜன்னலு."

குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை அது. செய்தது யாரென்று அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நீயே சொல்லிவிடு என்று இடம் விட்டுக்கொடுக்கிற பார்வை. 'ஆமாம், அங்கேதான் இருந்தாள்' என்று மட்டும் சொன்னால்கூடப் போதும். என்னைக் காட்டிக்கொடுத்துக்கொள்ள வேண்டும் என்றுகூட இல்லை.

"டேய், பாத்தியா?" என்றார் சித்தப்பா.

"நான் கவனிக்கல சித்தப்பா."

மரத்தடிக்கு அனுப்பியதும் நாங்கள்தான். அங்கே இருந்தாயா என்று சாட்சி கேட்டதும் நாங்கள்தான்.

சித்தப்பா விவரம் புரியாதவர் இல்லை. அவர் வீட்டில், அவள் வெளியில் என்றால் மிச்சம் யார் என்று ஒரு நொடி யோசித்தால் போதும். அவர் யோசிக்கவில்லை. என் பதில் அவருக்கும் வசதியாக இருந்தது.

கலையரசி அந்தப் பக்கத்தை மூடினாள். ஒயரைச் சொருகி, இரண்டு மூன்று வரி அடித்து நெட்டைக் கொண்டுவந்தாள். பிறகு எடுத்ததையெல்லாம் திரும்பப் போட ஆரம்பித்தாள். அவளும் அந்த எழுத்துகளை ஓடவிட்டாள், ஆனால் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. கேள்வி வந்து நின்றபோது விரலால் தொட்டுத் தொட்டுப் பட்டியல் முழுவதையும் படித்தாள், அப்புறம்தான் அழுத்தினாள். நோட்டீஸ்காரர்கள் வருவதற்கு முன்னால் கம்ப்யூட்டர் பழையபடி நின்றது. கொம்பும் காலும் இடத்தில் விழுந்தன. அம்மன் பேர் அழகாக அச்சாகி வந்தது.

அவர்கள் போனதும் சித்தப்பா சொன்னார்: "இவ்ளோ சரி பண்ணத் தெரிஞ்சவளுக்கு ஒண்ணு கெடுக்கத் தெரியாதா? எனக்கு இந்த டென்ஷன் ஆவாதும்மா. நாளைலேருந்து வராத."

அவள் நீல டப்பாவைப் பையில் வைத்தாள். என் மேசையைத் தாண்டும்போது நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் இத்தனை வருஷம் இதைச் சுமந்திருக்க மாட்டேன்.

"படிச்சிட்டு அழுத்துங்கண்ணே" என்றாள். போய்விட்டாள்.

இப்போது அந்தக் கடை இல்லை. அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். சித்தப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். கம்ப்யூட்டர்கள் எடைக்குப் போயின. கலையரசி சென்னையில் இருப்பதாக ஒருவர் சொன்னார், பெங்களூர் என்று இன்னொருவர். வல்லத்துக்குப் போய் விசாரித்தால் தெரிந்துவிடும். பஸ் கண்முன்னால்தான் நிற்கிறது. எத்தனையோ தடவை படியில் கால் வைக்கப் போயிருக்கிறேன். ஏறி என்ன சொல்வது? எதிரே ஆள் இருந்தால்தான் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளுமே.

அவள் போன பிறகு ஒன்று மட்டும் செய்தேன். அவள் திறந்து பார்த்த அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று நோட்டும் இல்லாமல், யாரையும் கேட்காமல் தேடிக் கண்டுபிடித்தேன். கடையில் தனியாக இருக்கும்போதெல்லாம் திறந்து பார்ப்பேன். ஒன்று இருபதுக்கு நான் அடித்த வரி இருக்கும். அதற்குக் கீழே, மூன்று மணி சுமாருக்கு, அவள் அடித்த வரிகள். மாதம் பிறந்தால் அந்தக் கோப்புக்கு ஒரு எண் விழும், அடுத்த மாதம் அடுத்த எண். பழையதாக ஆக ஆகக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே போய், பன்னிரண்டைத் தாண்டினால் கம்ப்யூட்டரே அதை அழித்துவிடும் என்று தெரிந்துகொண்டேன். ஐந்து, ஆறு, ஏழு என்று மாதாமாதம் போய்ப் பார்த்தேன்.

ஒரு நாள் திறந்தபோது அது இல்லை. அப்பாடா என்று இருந்தது. மறைக்க மாட்டேன், மனசு லேசாகிவிட்டது. வெளியே போய் டீ சொன்னேன். பாதி டம்ளரில்தான் உறைத்தது: அவள் வரிகளும் போய்விட்டன. அந்தக் கடையை அன்றைக்கு மானத்தோடு நிற்கவைத்தவள் அவள்தான் என்பதற்கு எங்கேயாவது எழுத்து இருந்தது என்றால் அதில்தான் இருந்தது. என்னுடையது அழிய வேண்டும் என்று ஒரு வருஷம் காத்திருந்தேன். அவளுடையதும் அதே கோப்பில்தான் இருந்தது.