பாத்திமா அக்கா அனுப்பிய வண்டி

"கடலுங்களா?" என்று கேட்டது ஒரு பெண் குரல்.

தவறான எண் என்று சொல்லி வைத்துவிட்டேன். தெரியாத எண்களை நான் எடுப்பதே இல்லை. அன்று ஒரு கூரியருக்காகக் காத்திருந்ததால்தான் எடுத்தேன். உடனே மறுபடியும் அழைப்பு.

"வச்சிடாதீங்க. கனகம்மாசத்திரம் பஞ்சர் கடைலேந்து பேசறேன். சொவத்துல கடல்னு எழுதி உங்க நம்பரு இருக்குது. அம்மா காலைல தவறிட்டாங்க. சொவத்துல இருக்கிற எல்லாருக்கும் சொல்லிக்கினு வரேன்."

பேசியது பாத்திமா அக்காவின் மகள் சமீரா. கடையைத் திறந்து, காற்றடிக்கும் மோட்டாரைப் போட்டுவிட்டு, முக்காலியில் உட்கார்ந்த அக்கா அப்படியே சாய்ந்துவிட்டாராம். என் பெயர் சமீராவுக்குத் தெரியாது. தன் அம்மா ஏன் என்னைக் கடல் என்று எழுதி வைத்தார் என்பதும் தெரியாது. அலுவலகத்தில் உட்கார முடியாமல் மாடிப்படிகளில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன்.

நெடுஞ்சாலைப் பஞ்சர் கடைக்காரர்கள் சேர்ந்து போடும் இந்த நினைவு மடலுக்கு எழுதச் சொல்லி சமீரா கேட்டபோது முதலில் மறுத்தேன். அவரை நீங்கள் முப்பது வருடமாக அறிந்தவர்கள். நான் அறிந்தது ஒரு பிற்பகல், சரியாகச் சொன்னால் இரண்டு மணி நேரம். மறுத்த பிறகு மூன்று நாளாக எந்த வேலையிலும் மனம் நிற்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆடி மாதத்தில் நான் மங்களூர் கடற்கரையிலிருந்து சென்னைக் கடற்கரைக்கு ஓடிக்கொண்டிருந்தேன். ஏன் என்பதை வீட்டாரிடமே சொல்லவில்லை, இங்கும் சொல்லப்போவதில்லை. ஸ்கூட்டரில் பைகளோடு கூட வந்த தோழி காய்ச்சல் கண்டு சித்தூரில் ரயிலேறிவிட்டாள். அதன் பிறகு முதுகில் ஒரு பையும் நானும்தான். நகரியிலிருந்து கிளம்பி, திருத்தணிக்குள் நுழைந்து, கனகம்மாசத்திரம் சாலையில் இறங்கியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. வலது கால் ஷூவின் அடிப்பாகம் முன்பக்கம் வாயைத் திறந்துவிட்டது. குதிகாலுக்கு உள்ளே துணி கிழிந்து, தோலும் கூடவே போயிருந்தது.

அடுத்த நாள் ஆடிக் கிருத்திகை. சாலை முழுக்க மஞ்சள் துணியும் காவடியுமாக மலையைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்கள். நான் ஒருத்தி மட்டும் எதிரே ஓடினேன். அந்த நாளில் அந்தச் சாலையில் மலைக்கு முதுகைக் காட்டி ஓடும் பெண்ணைப் பற்றி யாரும் வேறு எதுவும் நினைக்க முடியாது. வேண்டுதலைப் பாதியில் விட்டவள் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

"ஏம்மா, மலை அந்தாண்ட கீது," என்றார் ஒரு பெரியவர்.

"தெரியுங்க."

"தெரிஞ்சிகினேவா ஓடற?"

மஞ்சள் புடவை கட்டிய ஓர் அம்மாள் என் கையைப் பிடித்து நிறுத்தி, பந்தலிலிருந்து மோர் வாங்கிக் கொடுத்தார். "இவ்ளோ தூரம் வந்துட்டு திரும்பாதம்மா. முருகன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு, மெதுவா நட, நாங்க கூட வரோம்," என்றார். விளக்கிச் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. தலையாட்டிவிட்டு அவர்களோடு மலைப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தேன். கூட்டத்தில் அவர் முன்னே போனதும் திரும்பி ஓடினேன். இப்படி மூன்று முறை நடந்தது. வாங்கிக் குடித்த மோரும், தின்ற புளிசாதமும் எனக்கு உரியவை அல்ல என்ற எண்ணம் குதிகாலைவிட அதிகமாக எரிந்தது. போதும் என்று தோன்றியது. கனகம்மாசத்திரத்தில் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய், இதைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

பஸ் நிற்கும் இடம் கேட்கத்தான் பாத்திமா அக்காவின் கடைக்குள் நுழைந்தேன். லாரி டயர் ஒன்றின் மேல் ஒரு காலை ஊன்றிக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"அக்கா, மெட்ராஸ் பஸ் எங்க நிக்கும்?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஷூவைப் பார்த்தார். "கழட்டு," என்றார்.

"நான் மலைக்குப் போறவ இல்லக்கா." அன்று முழுவதும் சொல்லாமல் விட்டதை ஏனோ அவரிடம் முதலிலேயே சொன்னேன்.

"ஷூ போட்டுக்கினு காவடி எடுக்கறவள நான் எங்க பாத்தேன்? கழட்டு. பஸ்ஸு எங்கயும் ஓடிப் போவாது."

பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து என் காலை வைக்கச் சொன்னார். ஷூவை எடுத்துக்கொண்டு, டியூப்பை முக்கிப் பார்க்கும் தொட்டிக்கே கொண்டுபோய்விட்டார். தண்ணீருக்கு ஒரு விரல் மேலே கை நின்றது. "பாத்தியா, கை அதும்பாட்டுக்குப் போவுது," என்று தன்னைத் தானே கேலி செய்து சிரித்தார். பிறகு உட்கார்ந்து, வாய் திறந்த அடிப்பாகத்தையும் குதிகாலில் கிழிந்த இடத்தையும் அரத்தால் தேய்த்து, சொல்யூஷன் பசை தடவி, காய்வதற்காக ஊதினார்.

"எங்கேந்து வர?"

"மங்களூர்லேந்து."

"ஓடியா?"

"ஆமாங்க."

"ஆங்." அவ்வளவுதான். எதற்கு என்று கேட்கவில்லை. வழியில் சந்தித்த அத்தனை பேரும் கேட்ட கேள்வி அது. கேட்காமல் விட்ட ஒரே ஆள் அவர்.

பஸ் ஏறிவிடப் போவதாக நானே சொன்னேன். சென்னைக் கடல் வரை ஓடக் கிளம்பியதாகவும், இனிமேல் ஓடப்போவதில்லை, ஷூவை ஒட்ட வேண்டாம் என்றும் சொன்னேன். அவர் மெல்லிய சைக்கிள் டியூப்பை விரல் நகம் அளவுக்கு வெட்டிக்கொண்டே பதில் சொன்னார். "பஞ்சரான அன்னிக்கு எல்லாருந்தான் வண்டிய வித்துடறேன்னு சொல்றாங்க. இங்க ஒக்காந்துகினு எத்தினி பேரு வித்துட்டாங்க தெரியுமா? ஒட்டி குடுத்த பொறவு ஒருத்தனும் விக்கல. நான் ஒட்டறேன். ஒட்டுனதுக்கு அப்பறம் நீ பஸ்ஸு ஏறு, நான் கேக்கல."

குதிகாலுக்கு உள்ளே ஒட்டிய துண்டின் ஓரங்களை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். திருப்தியில்லாமல் மறுபடியும் தேய்த்தார். "மேடு இருக்கக் கூடாது. கண்ணு வுட்டுடும், காலு கண்டுபுடிச்சிரும்." உங்கள் வண்டிகளுக்கு ஒட்டும்போதும் இதைச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஷூவைப் போட்டு எழுந்து நின்றேன். மேடு இல்லை. கடைக்கு முன்னால் ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. நாங்கள் இருவருமே அதைப் பார்த்தோம். அவர் போனை எடுத்தார்.

நெடுஞ்சாலைப் பஞ்சர் கடைகளின் வழக்கத்தை அப்போதுதான் அறிந்தேன். ஒட்டு நிற்குமா என்று சந்தேகமுள்ள வண்டி கிளம்பினால், அது போகும் வழியில் அடுத்த கடைக்குச் சொல்லிவிடுகிறார்கள். வண்டி கடந்ததும் அங்கிருந்து அனுப்பிய கடைக்குத் திரும்பக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

"அண்ணே, ஒரு வண்டி அனுப்பிக்கிறேன். என்னா வண்டியா? ரெண்டு காலு வண்டி. பச்ச சட்ட. வலது பக்கம் ஒட்டு புதுசு, பாத்துக்கோ. நின்னா தண்ணி குடு. நிக்கலன்னா வுட்டுடு. பேச்சு குடுக்காத, அது பேசாத பொண்ணு."

பிறகு என்னிடம், "உன் நம்பரு சொல்லு. கடலு வரைக்கும் எனக்கு கடை இல்ல. ஆவடியோட சரி. அதுக்கு அப்பறம் நீதான் சொல்லணும்," என்றார். எண்ணைச் சொன்னேன். அவர் சாக்பீஸோடு உள்ளே போனார். நான் கிளம்பிவிட்டேன்.

அன்றும் மறுநாளும் சாலையோரத்தில் ஒவ்வொரு கடையாக யாராவது ஒருவர் எழுந்து நின்றார்கள். "பாத்திமா அனுப்புன வண்டி நீதானா?" என்று கேட்டு, தண்ணீர் கொடுத்து, குனிந்து என் குதிகாலைப் பார்த்தார்கள். சொல்லிவைத்த மாதிரி ஒருவரும் பேச்சுக் கொடுக்கவில்லை. திருவள்ளூருக்கு முன்னால் ஒருவர் மட்டும், "காத்து சரியா கீதா?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டார். மலைக்குப் போகிறவளாக நடித்து வாங்கியது உறுத்திய எனக்கு, இந்தத் தண்ணீர் உறுத்தவில்லை. இது என் பெயருக்கு வந்தது. பெயர் தெரியாமலேயே வந்தது.

மூன்றாம் நாள் காலையில் கடலைத் தொட்டேன்.

அக்காவைக் கூப்பிடவில்லை. அன்று மாலை தெரியாத எண்ணிலிருந்து இரண்டு அழைப்புகள் வந்தன. அவராகத்தான் இருக்கும் என்று தெரிந்தும் எடுக்கவில்லை. போனில் சொல்வதா, இனிப்போடு நேரில் போய்ச் சொல்லலாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஒரு வாரம் கழிந்தது. பிறகு கூச்சம் வந்தது. கூச்சத்தோடு இரண்டு வருடம் போய்விட்டது. திருத்தணி மின்சார ரயில் என் வீட்டுக்குப் பக்கத்து நிலையத்தில்தான் நின்றுவிட்டுப் போகிறது.

செய்தி வந்த அன்று அந்த ரயிலில் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. சமீரா கடையைத் திறந்து சுவரைக் காட்டினாள். ஊர் ஊராகக் கடைகளின் எண்கள், சாலை போகும் வரிசையிலேயே எழுதியிருந்தன. ஆவடிக்குக் கீழே என் எண். பக்கத்தில் கடல். மற்றதெல்லாம் பெயிண்டில் எழுதியவை. என்னுடையது சாக்பீஸ், மங்கிய இடத்தில் மேலே மேலே எழுதிய தடம் தெரிந்தது.

"நீங்க கடை வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "போய்ச் சேந்தீங்களா?"

"சேந்துட்டேன்."

"ஆங்," என்றாள், அம்மாவைப் போலவே. உள்ளே போய் பெயிண்ட் டப்பாவை எடுத்துவந்து சாக்பீஸ் தடத்தின் மேலேயே என் எண்ணை எழுதினாள்.

அந்த ஒட்டு இன்னும் ஷூவில் இருக்கிறது. ஆனால் அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதை அல்ல. அந்தச் சுவரில் கடல் என்று எனக்குக் கொடுத்த இடத்தை வைத்துக்கொள்கிறேன். கடைக்காரர்களே, உங்களிடமிருந்து கடல் பக்கம் எந்த வண்டி கிளம்பினாலும், இரண்டு கால் வண்டியானாலும், எனக்குச் சொல்லுங்கள். எடுப்பேன். வந்து சேர்ந்ததும் திரும்பக் கூப்பிட்டுச் சொல்வேன்.